பிக்கப் வண்டிக்குப் புது பேட்டரி: வாங்குவது பாதி, கட்டுவது பாதி

ஓணத்துக்கு முந்தைய பத்து நாட்களும் தோவாளைப் பூச்சந்தை தூங்குவதில்லை. அத்தம் பிறந்துவிட்டால் கேந்தியும் செவ்வந்தியும் அரளியும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாக பிக்கப் வண்டிகளில் ஏறும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று வரிசையாகக் கடந்து, விடியுமுன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் போய் இறங்கும். மலையாள வீடுகளின் முற்றத்தில் போடும் அத்தப்பூக் கோலத்தில் பெரும்பங்கு தமிழ்நாட்டு மண்ணில் பூத்தது என்பது நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான்.

பாறசாலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் அண்ணனுக்கு அந்த ஓட்டம் உண்டு. ஓண நாட்களில் கிடைப்பதை வைத்துத்தான் பிள்ளைகளின் அந்த வருடத்துப் பள்ளிச் செலவைச் சமாளிப்பார். சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு ஓட்டத்தில், அதிகாலை மூன்றரை மணிக்கு, கொட்டுகிற மழையில், அமரவிளைப் பாலத்துக்குச் சற்று முன்பாக வண்டியின் விளக்குகள் ஒரேயடியாக அணைந்தன. பானெட்டின் இடுக்கிலிருந்து புகை வந்தது. அண்ணன் இறங்கி ஓடிப்போய்ப் பானெட்டைத் திறந்தார். பேட்டரியின் மேல் பொறி பறந்து, வயரின் உறை உருகிக் கொண்டிருந்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நெகட்டிவ் வயரைப் பிடுங்கி எறிந்ததால் வண்டி தப்பியது. பூ தப்பவில்லை. வேறு வண்டி பிடித்து மூட்டைகளை மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மணி ஒன்பது. சந்தை கலைந்து, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் முதல் அந்த வியாபாரி வேறு வண்டிக்குப் பூ ஏற்றினார்.

இத்தனைக்கும் அந்த பேட்டரி புத்தம் புதிது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நல்ல கம்பெனிச் சரக்கு. அதில் ஒரு குறையும் இல்லை. பழைய பேட்டரியைவிட உயரத்தில் சிறிது குறைவு, அவ்வளவுதான். அதனால் பழைய கிளாம்ப் அதன்மேல் சரியாக அமரவில்லை. மாட்டிக் கொடுத்தவர், கிளாம்பை மேலே சும்மா வைத்து, சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டார். குண்டும் குழியுமான சாலையில் ட்யூப் தளர்ந்து, பேட்டரி இடம் பெயர்ந்து, இரும்புக் கிளாம்ப் சரிந்து பாசிட்டிவ் முனையில் போய்ப் படுத்துக்கொண்டது. மீதியை மழை இரவு பார்த்துக்கொண்டது.

மறுநாள் வண்டியைப் பார்த்த வயதான மெக்கானிக் ஆசான் சொன்னது அண்ணனுக்கு இன்றும் பாடம்: "பேட்டரிய மாத்தினா மட்டும் போதாது மக்கா. கெட்டிப் போடணும். அதுக்கு ஒரு அனக்கமும் இருக்கப்பிடாது."

இந்தக் கட்டுரை அந்த 'அனக்கம்' பற்றித்தான்.

எல்லைக்கு அப்பாலும் இப்பாலும்

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாக அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு விழுந்ததே தவிர, கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை. பெண் கொடுத்ததும் எடுத்ததும் கோட்டுக்கு இருபுறமும்தான். களியக்காவிளையில் டீ குடித்துவிட்டு இஞ்சிவிளையில் வெற்றிலை வாங்குகிறவர்களுக்கு மாநிலம் மாறியது நினைவில்கூட இராது.

இந்தப் போக்குவரத்தின் முதுகெலும்பு பிக்கப் வண்டி. பனச்சமூட்டுச் சந்தைக்கு வாழைக்குலையும் மரச்சீனியும், வெள்ளறடைப் பக்கத்து ரப்பர் ஷீட்டும், பொழியூர்க் கரையிலிருந்து ஐஸ் போட்ட மீனும், செங்கல்லும் மணலும் இதில்தான் போகின்றன. 2021 நவம்பர் கனமழையில் நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்து சேவை தடைபட்ட நாட்களில், சாலையை நம்பித்தான் எல்லோரும் இருந்தார்கள்.

இந்த ஓட்டம் பேட்டரிக்குச் சோதனையானது. முன்பு 47 என்றும் இப்போது 66 என்றும் எண்ணிட்ட தேசிய நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால், செம்மண் மேடும் பள்ளமுமான ஒற்றையடித் தார்ச்சாலைகள். கடைக்குக் கடை நிறுத்தி அணைத்து மறுபடி கிளப்ப வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று. இந்த நான்கும் சேர்ந்துதான் இங்கே பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. வெளியூரில் இருந்துகொண்டு ஊரில் தம்பிக்கோ மச்சானுக்கோ வண்டி எடுத்துக் கொடுத்திருக்கும் நம் சங்க அன்பர்கள் பலர். "பேட்டரி போச்சு, பணம் அனுப்பு" என்று போன் வரும்போது என்ன கேட்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கும் பயன்படும்.

பேட்டரிதான் குற்றவாளியா?

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் புது பேட்டரிக்கு ஓடக்கூடாது. முதலில் இரண்டு டெர்மினல்களையும் பார்க்க வேண்டும். வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தால், மின்சாரம் அந்த இடத்திலேயே தடைபடும். வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றிக் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். சோடா நீர் பேட்டரியின் மூடிகள் வழியாக உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து, இன்ஜினுக்கும் சட்டத்துக்கும் போகும் எர்த் பட்டை தளர்ந்திருக்கிறதா, ஆல்டர்னேட்டர் பெல்ட் தொங்குகிறதா என்று பார்ப்பது அவசியம்.

பிறகு ஒரு மல்டிமீட்டர். சில நூறு ரூபாயில் கிடைக்கும் இந்தக் கருவி, ஆயிரக்கணக்கில் வீண்செலவைத் தடுக்கும். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு பேட்டரி முனைகளில் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் அல்லது சற்று அதிகம் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறத்தாழ காலி. செல்ஃப் அடிக்கும் அந்தச் சில விநாடிகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் அதற்குக் கீழே விழுந்தால், பேட்டரியின் காலம் முடிந்தது என்று கொள்ளலாம்.

இன்ஜின் ஓடும்போது முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை. அதிகமானால் பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. இரண்டில் எது இருந்தாலும், புது பேட்டரி வாங்கி வைத்தால் அதுவும் சில மாதங்களில் பழைய பேட்டரியின் வழியே போய்விடும். வியாதி ஒன்று, மருந்து வேறொன்று என்று ஆகிவிடக்கூடாது.

ஒரு கணக்கையும் இங்கே சொல்லிவிடலாம். டீசல் இன்ஜினைக் கிளப்ப 300 ஆம்பியர் வீதம் மூன்று விநாடி செலவானாலும், அது கால் ஆம்பியர்-மணிதான். சில நிமிட ஓட்டத்தில் அது திரும்ப ஏறிவிடும். ஆனால், ஹெட்லைட்டை அணைக்காமல் தூங்கிவிட்டால் மணிக்குப் பத்துப் பதினோரு ஆம்பியர் வீதம், ஐந்து மணி நேரத்தில் 50 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். பேட்டரியைக் கொல்வது செல்ஃப் அல்ல. மறந்துபோன விளக்கும், கணக்கில்லாமல் பூட்டிய பாட்டுப்பெட்டியும் அலங்கார விளக்குகளும்தான்.

எந்த பேட்டரி?

முதல் விதி: வண்டியின் கையேட்டில் எந்த அளவு போட்டிருக்கிறதோ, அதுவே. ஆம்பியர்-மணி என்பது பேட்டரியின் கொள்ளளவு. 80 ஆம்பியர்-மணி என்றால் மணிக்கு 4 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தாங்கும் என்று பொருள். இதைக் குறைத்து வாங்கினால் விலை குறையும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆழமாக வடிந்து சீக்கிரம் தேய்ந்துபோகும். சற்று அதிகமாக வாங்குவதில் தவறில்லை, தட்டில் சரியாக உட்காரும் என்றால் மாத்திரம். உட்காராவிட்டால் அதிகக் கொள்ளளவினால் ஒரு நன்மையும் இல்லை.

இரண்டாவது, குளிர்க்கிளப்பு ஆம்பியர் என்று பேட்டரியின் மேல் ஒரு எண் இருக்கும். அது பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிரில், அரை நிமிட நேரம் அந்த பேட்டரி கொடுக்கக்கூடிய மின்னோட்டம். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் நம் உறவினர்களுக்கு அதுவே உயிர்நாடி. நெய்யாற்றின்கரையில் அந்தக் குளிர் கிடையாது. இங்கே எதிரி வெப்பம். சூடு பத்து டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஆகவே இன்ஜினின் சூடு படாமல் காக்கும் தகடோ உறையோ வண்டியில் இருந்தால், பேட்டரி மாற்றும்போது அதைக் கழற்றி எறிந்துவிடக்கூடாது.

மூன்றாவது, முனைகள் எந்தப் பக்கம் என்பது. ஒரே அளவு பேட்டரி பாசிட்டிவ் வலப்புறம், இடப்புறம் என இரண்டு விதமாக வரும். எண்ணின் கடைசியில் எல் அல்லது ஆர் என்று எழுத்து இருக்கும். அந்த எழுத்தை எந்தப் பக்கம் நின்று படிப்பது என்பதில் குழப்பம் வருவது சகஜம். எழுத்தை நம்பாமல் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நல்லது. பக்கம் மாறினால் கேபிள் எட்டாது. இழுத்து மாட்டினால், உரசி உறை கிழியும். முனைகளின் பருமனையும் ஒப்பிட வேண்டும். பாசிட்டிவ் முனை நெகட்டிவைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கும்படி செய்திருப்பதே, மாற்றி மாட்டிவிடாமல் இருக்கத்தான். தலைகீழாக மாட்டினால் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் ஒரு நொடியில் போய்விடும்.

நான்காவது, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை வண்டியில் மாட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. "அதுவும் 12 வோல்ட், இதுவும் 12 வோல்ட்" என்பது அவர்கள் வாதம். இன்வெர்ட்டர் பேட்டரியின் தகடுகள் தடித்தவை. நீண்ட நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க ஏற்பட்டவை. வண்டி பேட்டரியின் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். ஒரே மூச்சில் நிறையக் கொடுக்க ஏற்பட்டவை. சிக்னலில் நின்றதும் இன்ஜின் தானே அணைந்து தானே கிளம்பும் வசதியுள்ள புதிய வண்டிகளுக்கு ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். என்று குறித்த ரகம் வேண்டும். அதில் சாதாரண பேட்டரியைப் போட்டால் நீடிக்காது.

கடையில் நிற்கும்போது

பேட்டரி கடை அலமாரியில் சும்மா இருந்தாலும் மெல்ல மெல்ல வடியும். ஆகவே தயாரித்த மாதத்தைக் கேட்டு, மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக எடுப்பது நல்லது. அங்கேயே மீட்டர் வைத்து 12.5 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

உத்தரவாதச் சீட்டில் கடை முத்திரை, தேதி, பேட்டரி எண், வண்டி எண் நான்கும் இருக்க வேண்டும். சரக்கு வண்டிக்கும் சொந்தக் காருக்கும் உத்தரவாத காலம் வேறுபடக்கூடும் என்பதால், அச்சிட்டிருப்பதை வாங்குமுன் படிப்பது நலம். உத்தரவாதத்தில் எத்தனை மாதம் முழுமையாக மாற்றித் தருவார்கள், எத்தனை மாதம் விலையில் கழிவு மாத்திரம் தருவார்கள் என்பதையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் எல்லையின் எந்தப் பக்கம் வரி குறைவு என்று பார்த்து வாங்குவார்கள். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபின், வரிக்காக எல்லை தாண்ட வேண்டிய அவசியம் இல்லை. வண்டி அதிகம் ஓடும் பக்கத்தில், பழுது என்றால் எளிதில் போய்வரக்கூடிய கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

கழற்றும் வரிசை, பூட்டும் வரிசை

இந்த வேலையை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். ஆனால் வரிசை தப்பக்கூடாது. கை மோதிரம், கடிகாரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். இரண்டு முனைகளுக்கும் நடுவே மோதிரம் மாட்டிக்கொண்டால் விரலோடு பழுத்துவிடும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக்கூடியது. அதனால் பீடியும் தீக்குச்சியும் பக்கத்தில் கூடாது. சாவியை அணைத்துச் சில நிமிடம் கழித்தே தொட வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பது பழைய காலத்து வித்தை. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் நிறைந்த இன்றைய வண்டிகளில் அது பெருஞ்செலவில் முடியும்.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். பூட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். காரணம் எளிது. வண்டியின் உடம்பு முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்தது. நெகட்டிவை எடுத்துவிட்டால், பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர் தவறிப்போய் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. வரிசை மாறினால் அதே ஸ்பேனர் வெல்டிங் கம்பியாகிவிடும்.

80 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறக்குறைய 20 கிலோ கனக்கும். நேராகத் தூக்க வேண்டும். சாய்த்தால் அமிலம் வழியும். தோலில் பட்டால் உடனே நிறைய நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் நீரில் கழுவிக்கொண்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அனக்கம் இருக்கக்கூடாது

இப்போது ஆசான் சொன்ன இடத்துக்கு வருவோம்.

பேட்டரியின் உள்ளே ஈயச் சட்டங்களில் ஒருவகைப் பசை அப்பியிருக்கிறது. மின்சாரத்தைச் சேமிப்பதும் கொடுப்பதும் அந்தப் பசையே. பேட்டரி குதிக்கும்போதெல்லாம் பசை துகள் துகளாக உதிரும். உதிர்ந்தது அடியில் சேறாகச் சேரும். சேறு உயர்ந்து தகடுகளைத் தொட்டுவிட்டால், உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி ஒரு செல் செத்துவிடும். ஆறு செல்களில் ஒன்று போனால் 12 வோல்ட் பேட்டரி 10 வோல்ட்டாக நின்றுவிடும். "ஒரு வருஷத்திலேயே போச்சு, கம்பெனி சரியில்லை" என்று நாம் திட்டுகிற பேட்டரிகளில் ஒரு பகுதி, ஆடியே செத்தவை. இது வெளியே தெரியாத சேதம். வெளியே தெரிகிற சேதம், அண்ணனுக்கு நேர்ந்தது போல ஷார்ட்டும் தீயும்.

ஆகவே பூட்டும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தட்டு: பழைய பேட்டரியைத் தூக்கியதும் அது இருந்த தட்டைப் பார்க்க வேண்டும். அமிலம் பட்டு அரித்திருக்கும். சோடா நீரால் கழுவிக் காயவைத்து, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். தட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா, வெல்டிங் விட்டிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். தட்டே ஆடினால் பேட்டரியை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. அடியில் ஒரு சிறு கல் கிடந்தாலும், அதிர்வில் அது பெட்டியைத் துளைத்துவிடும். மெல்லிய ரப்பர் விரிப்பு ஒன்று போடுவது நல்லது.

பிடிமானத்தின் வகை: சில வண்டிகளில் பேட்டரியின் தலைக்கு மேல் குறுக்குப் பட்டை வைத்து, இரண்டு பக்கமும் கொக்கிப் போல்ட்டால் இழுத்துப் பிடிப்பார்கள். சிலவற்றில் பேட்டரியின் அடிவிளிம்பை ஆப்பு போன்ற துண்டால் அழுத்திப் பிடிப்பார்கள். அடிவிளிம்பைப் பிடிக்கும் வண்டிக்கு விளிம்பில்லாத பேட்டரியை வாங்கினால், பிடிக்க இடமே இராது. உங்கள் வண்டி எந்த வகை என்று பார்த்துவிட்டே கடைக்குப் போக வேண்டும்.

உயரமும் இடைவெளியும்: புது பேட்டரி உயரம் குறைந்திருந்தால், அதற்கேற்ற நீளமுள்ள கொக்கிப் போல்ட்டை வாங்க வேண்டும், அல்லது பழையதில் மரை நீட்டிக்கொள்ள வேண்டும். ட்யூப், கயிறு, கட்டுக்கம்பி எதுவும் கிளாம்புக்கு மாற்று ஆகாது. நீள அகலத்தில் சிறிதாக இருந்தால், பக்கவாட்டு இடைவெளியைக் கெட்டியான ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டால் அடைக்க வேண்டும். துணியும் அட்டையும் ஈரத்தை உறிஞ்சி அமிலத்தைத் தேக்கி வைக்கும். தெர்மாகோல் நசுங்கிவிடும்.

குறுக்குப் பட்டை: இரும்புப் பட்டையானால் அதற்கு ரப்பர் உறை வேண்டும். இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு விரல் அகலமாவது விலகி இருக்க வேண்டும். பேட்டரியின் காற்றுத் துளைகளை மூடக்கூடாது. நட்டுகளை ஒருபக்கமே இறுக்காமல் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, ஸ்பிரிங் வாஷரோ பூட்டு நட்டோ போட வேண்டும். "இறுக்கம்" என்பதற்கும் அளவு உண்டு. பெட்டி வளைந்து பிதுங்கும்படி இறுக்கினால், பெட்டியே விரிசல் விடும்.

கைச்சோதனை: முனையையோ வயரையோ பிடிக்காமல், பெட்டியின் உடம்பை இரண்டு கையாலும் பிடித்து நான்கு பக்கமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். வண்டி ஆடலாம், தட்டில் பேட்டரி ஆடக்கூடாது. இந்தச் சோதனைக்குப் பத்து விநாடி போதும்.

மூடிச் சோதனை: உயரம் கூடிய பேட்டரியானால் பானெட்டின் அடிப்பக்கம் முனையில் இடிக்கும் ஆபத்து உண்டு. வயர் மாட்டுமுன், இரண்டு முனையின் மேலும் கொஞ்சம் சப்பாத்தி மாவை உருட்டி வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறக்க வேண்டும். மாவு நசுங்கியிருந்தால் அந்த பேட்டரி அந்த வண்டிக்கு ஆகாது. திருப்பிக் கொடுப்பதே வழி.

வயர்: டெர்மினலைச் சுத்தியால் அடித்து இறக்கக்கூடாது, வாயை விரித்து அடிவரை இறக்கி இறுக்க வேண்டும். பாசிட்டிவுக்குச் சிவப்பு மூடி கட்டாயம் வேண்டும். வயர் விறைப்பாகவும் இருக்கக்கூடாது. தகட்டின் விளிம்பில் உரசவும் கூடாது. எல்லாம் முடிந்தபின் முனைகளில் வாசலின் தடவினால் உப்புப் பூப்பது குறையும்.

ஒரு வாரம் ஓடியபின் மறுபடி நட்டுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். புதிதாகப் பூட்டியது முதல் வாரத்தில் சற்றுத் தளர்வது இயல்பு.

சில சிறு சரக்கு வண்டிகளில் பேட்டரி இன்ஜின் அருகே இராமல், கேபினுக்குப் பின்னால் சட்டத்தின் பக்கவாட்டில் இருக்கும். சேறும் கல்லும் நேராக அடிக்கும் இடம் அது. அதன் மூடியைத் தொலைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் ஏராளம். மீன் வண்டியானால் உப்பு நீர் சொட்டுவதும் அங்கேதான். மூடியைப் போட்டு, மாதம் ஒருமுறை நல்ல நீரால் கழுவித் துடைக்க வேண்டும். "சேறு படுகிறது" என்று பேட்டரியைத் தூக்கிக் கேபினுக்குள் சீட்டுக்குப் பின்னால் வைப்பது கூடவே கூடாது. வாயுவும் அமிலமும் ஆள் உட்காரும் இடத்துக்கு வந்துவிடும்.

வழியில் நின்றுவிட்டால்

வேறு வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போதும் வரிசை முக்கியம். சிவப்பு வயரின் ஒரு முனையைச் செத்த பேட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்ட வேண்டும். கறுப்பு வயரை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, அதன் மறுமுனையைக் கடைசியாக, நின்றுபோன வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரியைவிட்டுத் தள்ளி மாட்ட வேண்டும். கடைசியாக மாட்டும் இடத்தில் பொறி வரும். அது வாயு வரும் இடத்தில் வரக்கூடாது.

நெடுநாள் நிற்கும் வண்டிக்கு

விடுமுறை முடிந்து வெளியூருக்குத் திரும்பும்போது ஊரில் வண்டியை விட்டுவிட்டு வருகிறவர்கள், நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டு வரலாம். எங்கோ ஒரு சிறு கசிவு அரை ஆம்பியர் இருந்தால்கூட, நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி போகும். ஒரு வாரத்தில் பேட்டரி காலி. வெறுமையாகக் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப்போய்ப் பிறகு சார்ஜே ஏறாது. வாரம் ஒருமுறை வண்டியைக் கிளப்பி ஐந்து நிமிடத்தில் அணைப்பதைவிட, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வயரை மாட்டி அரைமணி நேரம் ஓட்டி வரச் சொல்வது மேல்.

பழையது எங்கே போகும்?

பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதனால் பழைய பேட்டரிக்கு நல்ல விலை உண்டு. புதியது வாங்கும்போது அதைக் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். பழைய பேட்டரிகளை விற்பனையாளர் திரும்பப் பெற வேண்டும் என்று 2001-லேயே விதி வந்தது. அதன் இடத்தில் 2022-இல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்துள்ளன. கூடுதல் விலைக்கு ஆசைப்பட்டு, தெருவில் உடைத்து ஈயம் உருக்குபவரிடம் கொடுக்க வேண்டாம். அமிலத்தைத் தென்னை மூட்டில் கொட்டவும் வேண்டாம். ஈயம் கிணற்று நீரிலும் மண்ணிலும் சேர்ந்தால், முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகளின் மூளை வளர்ச்சி.

முடிவாக

அண்ணன் அந்த வாரமே அளவான கொக்கிப் போல்ட் இரண்டும் ரப்பர் உறையிட்ட பட்டை ஒன்றும் வாங்கினார். அதற்கான செலவு, அன்று நஷ்டமான பூவில் ஒரு மூட்டையின் விலைகூட இல்லை. எரிந்த வயரை மாற்றி, அதே பேட்டரியை ஆசானே கெட்டிப் போட்டுக் கொடுத்தார். தப்பிய அந்த பேட்டரி அதன்பின் மூன்று ஓணம் ஓடியது. அந்தப் பூ வியாபாரி திரும்பி வர இரண்டு ஓணம் பிடித்தது.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். பிக்கப் வண்டியில் அந்த அச்சாணிகளில் ஒன்று, யாரும் திரும்பிப் பார்க்காத இந்தப் பேட்டரிக் கிளாம்ப். இதைப் படித்து முடித்ததும் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். "பேட்டரி என்ன கம்பெனி?" என்று கேட்க வேண்டாம். "பானெட்டைத் திறந்து பேட்டரியைக் கையால் ஆட்டிப் பார், அனக்கம் இருக்கிறதா சொல்" என்று கேளுங்கள்.